சித்தேரியில் இரண்டு செவலைப் பசுக்கள்

மாட்டுக்குக் காதுவில்லை குத்துகிற உத்தியோகத்தில், மாடு உதைப்பதைவிட மாட்டுக்காரர் கேட்கும் கேள்விதான் பலமாக விழும். அந்த வில்லைதான் மாட்டுக்கு ஆதார். உங்கள் ஆதாரில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்த நாலு நாள் வரிசையில் நின்றவர்களே, நீங்கள்தான் என் கூட்டாளிகள்.

எதுக்குக் காது?

ஏரியூர் பக்கம் ஒரு விவசாயி, ஒரே ஒரு ஜெர்சி மாடு. மஞ்சள் வில்லையில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், அதை போனில் ஏற்றிவிட்டால் தடுப்பூசி, சினை ஊசி, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் என்று மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க வூட்டு மாட்டை எனக்குத் தெரியுதுங்க. உங்களுக்கு அடையாளம் தெரியலைன்னா அதுக்கு ஏன் காது குத்தணும்?”

தாய்மாமன்

பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கிடேரிக் கன்றை அவிழ்க்கவே விடவில்லை. வலிக்காது, புண் வராது, மருந்து தடவித்தான் குத்துவோம் என்றேன். அவருக்கு அந்தப் பயமே இல்லை. “காது குத்துனா தாய்மாமன் இருக்கணும் சார். எங்க அண்ணன் பெங்களூர்ல இருக்காரு, ஞாயித்துக்கிழமை வாங்க.”

போனேன். அண்ணன் வந்திருந்தார். கன்றுக்குப் பொட்டு, எனக்கு ஒரு டம்ளர் பாயசம்.

மலைமேல் சிக்னல் இல்லை

சித்தேரியில் பழனியம்மாவுக்கு இரண்டு பசு, இரண்டும் செவலை. ஒன்று கறவை, இன்னொன்று பால் வற்றியது. அவர் வீட்டுக்கு அரிசி வாங்குவது கறவையின் பாலில்தான். அதற்கு மட்டும்தான் இன்சூரன்ஸ். மேலே போன் வேலை செய்யாது. நோட்டில் எழுதிக்கொண்டு அரூர் இறங்கி ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் வில்லை குத்தினேன். தண்ணீர் குடிக்க அவிழ்த்தார். குடித்துவிட்டு மாடுகள் இடம் மாறி நின்றன. நான் காதைப் பார்க்காமல், நின்ற இடத்தை வைத்து எந்த எண் கறவைக்கு, எது வற்றியதற்கு என்று எழுதினேன்.

ஆறு மாதத்தில் கறவை செத்துப்போனது. இன்சூரன்சுக்குக் காதை வில்லையோடு அறுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால், செத்தது வற்றிய மாடு என்று வந்தது. மனு திரும்பியது. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் வெட்கமாக இருந்தது. “செத்ததை நான் பொதச்சேன் சார். உசுரோட நிக்கிறதை நீங்க பொதச்சுட்டீங்க.”

மறுபடியும் அதே வீடு

தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பழனியம்மாவுக்குப் பணம் வந்து சேர நாலு மாதம். எனக்கு மெமோ நாலே நாளில் வந்துவிட்டது. அந்த நாலு மாதமும் அவர் கூலிக்குப் போனார். பிறகு ஒரு கறுப்புப் பசு வாங்கியிருப்பதாகச் சொல்லியனுப்பினார். வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம், என்னைத்தான் கூப்பிட்டார். குத்தி முடித்து நோட்டை எடுத்தேன். அவர் கயிற்றை விடவில்லை. “மாடு நகராது, நான் புடிச்சிருக்கேன். காதைப் பாத்து, சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுதுங்க சார்.”

அந்தப் பன்னிரண்டு இலக்கமும் மாட்டை அடையாளம் காட்டத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முதலில் அது அடையாளம் காட்டியது என்னைத்தான்.