வடை கணக்கில் வராது

ஆயுர்வேதம் படித்து முடித்து, மதுரை கோச்சடையில் ஒரு கிளினிக்கில் ஜூனியர் டாக்டராகச் சேர்ந்த புதிது. பசியின்மைக்கு நான் கேட்கும் கேள்விகள் வரிசையாக மனப்பாடம்: சாப்பிட்டீர்களா, செரித்ததா, ஏப்பம் எப்படி, நாக்கில் மாவு படிகிறதா. இதில் முதல் கேள்வியே மதுரையில் செல்லாது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

1. புகார்

வந்தவர் முருகேசன், பஸ் கண்டக்டர். கூட அவர் அம்மா, புது மனைவி செல்வி. கல்யாணம் ஆன கையோடு அவரை டவுன் பஸ்ஸிலிருந்து நாகர்கோவில் ரூட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பேசியது அம்மா.

"சாப்பாடே இறங்க மாட்டேங்குது டாக்டரம்மா. ரெண்டு வாய் பெசஞ்சுட்டு எந்திருச்சுர்றான். கல்யாணத்துக்கு முந்தி இப்படியா இருந்தான்? இவ ஆக்குறது எம்புள்ளைக்கு ஆகல."

"நீங்க அரைச்ச பொடிதானே அத்தை போடுறேன்" என்றாள் செல்வி.

"பொடி என்னுது. கை யாருது? இந்த மருந்துக்கும் கேக்கலைன்னா சோழவந்தானுக்கு, இவ ஆத்தா வீட்டுக்கே அனுப்பிருவேன். சமைக்கப் பழகிட்டு வரட்டும்."

முருகேசனிடம் கேட்டேன். "காலையிலேர்ந்து சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்."

அக்கினி மந்தம், அதாவது செரிமானக் குறைவு, என்று எழுதி, முதல் கவளத்தில் நெய்யோடு பிசைந்து சாப்பிட, பசியைத் தூண்டும் அஷ்ட சூரணம் கொடுத்தேன்.

2. கேள்வியை மாற்றியது

திரும்பி வந்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை, இப்போது நெஞ்சும் கரிக்கிறது. செல்விக்குத் துணிப்பை தயாராகிவிட்டது என்றார் மாமியார். இந்த முறை சாப்பாடு என்ற சொல்லையே விட்டுவிட்டேன்.

"நேத்து டூட்டில வாயில என்னென்ன போட்டீங்க?"

"டெப்போவுல டீ, பன்னு. திருமங்கலத்துல ரெண்டு உளுந்த வடை. வழியில வண்டி நிக்கிற ஹோட்டல்ல பூரி, கொஞ்சம் பொங்கல். திரும்புறப்ப அதே ஹோட்டல்ல பஜ்ஜி, ரெண்டு புரோட்டா. அம்புட்டுதான்."

"ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னீங்களே?"

"அதெல்லாம் பலகாரம்" என்றார் அம்மா. "சோறு திங்கலையே?"

முந்தியது செரிக்குமுன் அடுத்ததைப் போடுவதற்கு எங்கள் நூல்களில் அத்யசனம் என்று பெயர். அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தால் புகைதான் வரும் என்று விளக்கினேன். முருகேசன் மறுக்கவில்லை.

"ஆனா அந்த ஹோட்டல்ல ஓசியா குடுக்குறாங்க டாக்டர். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு வாங்க மாட்டாங்க. வேணாம்னா, வண்டிய வேற ஹோட்டலுக்குத் திருப்பப் போறோம்னு நெனச்சுக்குவாரு மொதலாளி."

"பத்தியம்னு சொல்லுங்க" என்றாள் செல்வி.

அவர் யோசித்தார். "பத்தியம்னா ஒருத்தனும் வற்புறுத்த மாட்டான்."

பத்தியம் இருக்க மருந்து வேண்டும். மருந்துக்காகப் பத்தியம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். அன்று பத்தியத்துக்காக ஒரு மருந்து எழுதினேன்: சீரகக் கஷாயம். இரண்டு வேளைக்கு நடுவே வெந்நீர் தவிர எதுவும் கூடாது.

3. குணம்

அடுத்த மாதம் செல்வி மட்டும் வந்தாள். கணவர் வீட்டில் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாராம்.

"அத்தை என்ன சொல்றாங்க?"

"நான் ஒருவழியா சமைக்கப் பழகிட்டேனாம்."

"குழம்புல எதுவும் மாத்துனீங்களா?"

"அதே பொடிதான் டாக்டர். கஷாயத்த மட்டும் நிப்பாட்டிராதீங்க."

கொஞ்ச நாளில் மாமியார் வந்தார், செல்வியைக் கூட்டிக்கொண்டு. இந்த முறை நோயாளி அவர்தான்.

"எனக்குச் சாப்பாடே இறங்க மாட்டேங்குது டாக்டரம்மா. இவ மறுபடியும் என்னத்தையோ மாத்தி வைக்கிறா."

"வாயில என்னென்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. அவனுக்குப் பத்தியமா, ஹோட்டல்காரரு பார்சலா கட்டிக் குடுத்துர்றாரு. வீணாப் போகுமேன்னு ரெண்டு வடை, ஒரு புரோட்டா..."

செல்வி சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தாள்.

"உங்களுக்கும் பத்தியம்தாம்மா" என்றேன்.

"அப்ப அந்தப் பார்சல்?"

இப்போது என்னிடம் ஜூனியர்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: நோயாளி உட்காரும்போது, சாப்பிட்டீங்களா என்று மரியாதைக்குக் கேளுங்கள். பதிலை மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள்.