கிரேன் மேலிருந்து ஒரு கேள்வி

சித்திக்குச் சும்மா இருக்கத் தெரியாது. துணி காயப்போடும்போதே தையல் விட்ட இடம் கண்ணில் பட்டுவிடும். இரும்புக் குழாய்க் கிடங்கில் பல வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாலும், தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன்மீதுதான் அவளுக்கு ஒரு கண். அதை ஓட்டியவர் ஓய்வு பெற்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

பயிற்சி தொடங்கியதும் என்னிடம் வந்தாள்.

"வாக்கிடாக்கில எல்லாரும் எதுக்கெடுத்தாலும் ஓகேங்கிறாங்க. ஓகேவைத் தூக்கத்துலயும் சொல்லலாம். முழிச்சிருக்கேன், கவனம் இங்கதான் இருக்குன்னு இங்கிலீஷ்ல நறுக்குன்னு எப்படிச் சொல்வாங்க?"

"வைட் அவேக்" என்றேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆங்கில சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும். சொல்லிவிட்டுப் பயந்தேன். வேலையிடத்தில் யாராவது அப்படிப் பேசுவார்களா? சிரிக்க மாட்டார்களா? மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்க்காமல் ஓர் ஆங்கில வாக்கியத்தையும் வெளியே விடாதவன் நான்.

சிரிக்கத்தான் செய்தார்கள். சித்தி அசரவில்லை. கீழே நின்று சைகை காட்டும் வேலை சித்தப்பாவுக்கு. ஒவ்வொரு முறை தூக்கும் முன்னும் கேட்டு அவரைத்தான் அதிகம் படுத்தினாள்.

"ஏங்க, வைட் அவேக்கா?"

"வீட்லதான் தொல்லைன்னா, இப்ப வானத்துல இருந்துமா?"

சோதனை நாளன்று மேற்பார்வையாளர் அறையில் நானும் இருந்தேன்; அந்த அலுவலகத்தில்தான் எனக்குத் தற்காலிக வேலை. கண்ணாடிக்கு அப்பால் குழாய்க் கட்டை இரண்டு பக்கமும் பெல்ட் போட்டுக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். மேசைமேல் வாக்கிடாக்கி கரகரத்தது.

"வைட் அவேக்கா?"

"ஓகே, ஓகே, தூக்கு" என்றார் சித்தப்பா.

கொக்கி அசையவில்லை.

"ஓகே செல்லாது. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கொடுத்த வார்த்தையாலேயே கிரேன் கைவிட்டுப் போய்விடுமோ?

சித்தப்பா அலுப்போடு கட்டின் பக்கம் திரும்பினார். பதில் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார்.

"இரு இரு! இந்தப் பக்கம் பெல்ட் ஓரத்துக்கு நழுவியிருக்கு."

ஓடிப்போய் இழுத்துச் சரிசெய்தார். "இப்ப வைட் அவேக், தாயே!"

கட்டு மெல்ல எழுந்தது. ஓர் ஆட்டம் இல்லை, ஓர் இடிப்பு இல்லை. லாரியில் போய் அடக்கமாக உட்கார்ந்தது. கீழே இருந்தவர்கள் விசிலடித்தார்கள். எல்லாரையும்விட உரக்க அடித்தவர் சித்தப்பா.

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வாக்கிடாக்கியை எடுத்தார். "கிரேன் இனி உங்களுதுதாம்மா. இறங்கி வாங்க."

"எதுக்கு சார் இறங்கணும்?" என்றது மேலிருந்து குரல். "அடுத்த லாரி நிக்குதே."