கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரி

பாம்பு என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலையிடத்துக் கார்த் தரிப்பிடத்தில். சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ட் ஓட்டுகிற கியூபெக்காரர் ஒருவர், முடிச்சுப் போட்ட தலையணை உறையொன்றை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து என் காரின் பின்னிருக்கையில் ஏற்றினார். பிறகு ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவரோடு சேர்ந்து வாழ வரவிருந்த பெண், பாம்பு இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. மூன்றாவது வாரம் நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். மணமுறிவு நடந்து மூன்றாவது வருடம் அது. வாடகை வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் ஒன்றுமே இருக்கவில்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

"நாயைவிடச் சுலபம்," என்றார் அவர் பிரெஞ்சில். "வாசலுக்கு வந்து உன்னைத் தேடாது." 'மெர்சி' என்று நன்றி சொல்லி என் கையைப் பிடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அது ஒரு போவா. பெண். மூன்று வயது, நாலு அடிக்குச் சற்றுக் கூட நீளம். நம்முடைய மலைப்பாம்பு மாதிரித்தான் இரையைச் சுற்றி நெரிக்கும், விஷம் கிடையாது. மலைப்பாம்பு முட்டையிடும், போவா குட்டி போடும். அவர் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். கூப்பிட்டால் வராத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்று நான் அதைப் பயன்படுத்தவில்லை.

நவம்பரில் வீட்டு ஹீட்டரைப் போட்டதும் பிரச்சினை தொடங்கியது. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் உதடு வெடிக்கிற வறட்சி. தொட்டியின் மேல்மூடி வலைக்கம்பி. உள்ளே இருந்த கொஞ்ச ஈரமும் அதன் வழியாகப் போய்விட்டது. பாம்பு தோலை உரிக்கப் பார்த்தது, முடியவில்லை. பழைய சுவரில் பெயின்ட் கழன்று தொங்குவதுபோலத் துண்டு துண்டாகத் தொங்கியது. ஒரு கண்ணின்மேல் பழைய தோல் ஒட்டிக்கொண்டு பால் நிறத்தில் இருந்தது.

ஊர்வனவற்றைப் பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நடுத்தர வயதுப் பெண். ஈரப் பஞ்சை நெடுநேரம் கண்ணின்மேல் வைத்திருந்து, நகத்தால் எடுப்பதுபோல மெதுவாக அந்தத் தோலை எடுத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இதற்கு நோய் வருத்தம் எதுவுமில்லை. வீடுதான் பிழை."

எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்பதை ஒரு தாளில் கீறியும் காட்டினார். பாம்பு நீட்டிப் படுக்கக்கூடிய நீளம். மூன்று பக்கமும் மூடிய சுவர், முன்னால் கண்ணாடி. ஒரு முனை சூடு, மற்ற முனை அதைவிடக் குளிர்மை. ஈரம் நிற்கவேண்டும், ஆனால் காற்றும் போகவேண்டும்.

பலகை அறுக்க என்னிடம் ஒரு வாள் கூட இல்லை. பியர்பொன்ட்ஸில் இருக்கிற அக்காவின் கணவருக்குச் சமையல் குசினி அலுமாரிகள் செய்து பூட்டுகிற வேலை. அவருடைய கராஜில் கார் நிற்க இடமில்லை, அவ்வளவு பலகையும் இயந்திரமும். போன் எடுத்தேன்.

"ஒரு அலுமாரி செய்யவேணும் அத்தான்."

"அளவைச் சொல்லு மச்சான்."

"அஞ்சடி நீளம், ரண்டடி ஆழம், ரண்டடி உயரம். முன்னுக்குத் தள்ளிற கண்ணாடிக் கதவு."

"சனிக்கிழமை வா," என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.

மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கராஜில் போயின. முதல் நாள் பலகை வெட்டினோம். வெள்ளை மெலமின் ஒட்டிய பலகை, ஈரத்துக்கு ஊறாது. இரண்டாம் நாள், பக்கப் பலகையில் வரிசையாகத் துளை போடவேண்டும் என்றேன். அத்தான் துளைக்கருவியைக் கையில் எடுத்தபடியே நின்றார்.

"இந்த ஓட்டை என்னத்துக்கு?"

"காத்துப் போக."

"அப்ப உயிருள்ள ஏதோ வைக்கப் போறாய்."

"ஓம்."

"பூனையோ?"

"பாம்பு."

கருவியை மேசையில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "உடம்பு எவ்வளவு மொத்தம்?" என்றார். நான் என் மணிக்கட்டைக் காட்டினேன். தலைக்கிட்ட இன்னும் மெல்லிசு என்றும் சொன்னேன். "அப்ப இந்த ஓட்டை பெரிசு," என்று சொல்லி, சிறிய அலகைத் தேடி எடுத்து மாட்டினார்.

அன்றைக்குத்தான் அக்கா தேநீரோடு கராஜுக்குள் வந்தது. வெள்ளைப் பலகையும், கண்ணாடி ஓடுவதற்குப் பொருத்திய தவாளிப்பும், மேல் தட்டில் விளக்குக்கு விட்ட இடமும் அக்காவின் கண்ணில் பட்டன. தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றது.

"சாமி அலுமாரியோ செய்யிறியள்?"

நான் அளவுநாடாவைச் சுருட்டினேன். அத்தான் அரத்தாளை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து முடித்த விளிம்பைத் திரும்பத் தேய்த்தார்.

"எனக்கேன் ஒரு வார்த்தை சொல்லேல்லை? கோயிலடிக்கே வராதவன், நான் எவ்வளவு கவலைப்பட்டிருப்பன். முன்னுக்குக் கண்ணாடி நல்லதுதான் தம்பி, தூசி போகாது. சாம்பிராணிப் புகை போறதுக்கு ஓட்டையும் விட்டிருக்கிறியள்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல் போதும். அக்காவின் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்ததை மணமுறிவுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. தேநீரை எடுத்துக் குடித்தேன். அக்கா உள்ளே போன பிறகு அத்தான், "நீ சொல்லுவாய் எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றார். "நீங்கள் சொல்லுவியள் எண்டு நான் நிண்டன்," என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை அலுமாரியை அவருடைய வான் வண்டியில் ஏற்றி வந்து, ஒன்றுமில்லாத அறையில் வைத்தோம். மூலைகளெல்லாம் சிலிக்கன் பூசியிருந்ததால் ஒரு வாரம் புளித்த வினாகிரி மணம். அது போகும்வரை பாம்பை விட முடியாது. அந்த வாரத்தில் மேல் தட்டின் உட்பக்கம் சூட்டுத் தகட்டைப் பூட்டினேன். முதல் நாள் சூடு முப்பத்தெட்டுப் பாகைக்குப் போய்விட்டது. வெப்பத்தை அறிகிற வயர் நழுவித் தரையில் கிடந்ததுதான் காரணம். பாம்பு உள்ளே இருந்திருந்தால் வெந்திருக்கும். வயரைச் சுவரோடு இறுக்கிப் பூட்டி, வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் பார்த்துப் பார்த்து, சூட்டுப் பக்கம் முப்பத்தொன்றிலும் மற்றப் பக்கம் இருபத்தைந்திலும் நிற்க ஐந்து நாள் எடுத்தது.

தரைக்குத் தேங்காய் மட்டைப் பொச்சுத் துண்டுகள். தண்ணீர் தெளித்தால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒளிந்துகொள்ள இரண்டு பெட்டிகள், முனைக்கு ஒன்று. ஒன்று மட்டும் வைத்தால், சூடா மறைவா என்று அது ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஒரு கனமான தண்ணீர்ப் பாத்திரம். ஒரு மரக்கிளை. கண்ணாடிக் கதவுக்கு ஒரு பூட்டு.

எட்டாம் நாள் பாம்பை விட்டேன். நாக்கை நீட்டி நீட்டிச் சுவரோரமாக ஒரு சுற்றுப் போனது. பிறகு குளிர்ப் பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்து, இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் கதிரை போட்டு உட்கார்ந்து ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருந்த பொச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரட்டோ என்று கேட்டது. முதல் வாரம் வேலை என்றேன். மறு கிழமை தடிமனும் காய்ச்சலும் என்றேன். மூன்றாவது கிழமை கேட்காமலே வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு கையில் பித்தளை விளக்கும் பட்டுத் துண்டும் சுற்றிய பொதி, மறு கையில் ஒரு டப்பா நிறையப் புட்டு.

"எந்த அறை தம்பி?" என்று கேட்டுக்கொண்டே போனது. நான் "அக்கா, நில்லுங்கோ," என்பதற்குள் கதவைத் திறந்துவிட்டது.

பாம்பு அன்றைக்கென்று வெளியே, கிளையின்மேல் நீளமாகக் கிடந்தது.

அக்கா கத்தவில்லை. பின்பக்கமாகவே நடந்து குசினிக்கு வந்து, வாசலுக்குக் கிட்ட இருந்த கதிரையில் குளிர்க் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தது. பொதியை மடியில் வைத்துக்கொண்டது.

"நீ பொய் சொல்லேல்லை," என்றது. "நான் கேக்கேக்கை நீ வாயைத் திறக்கேல்லை. அவ்வளவுதான்."

"ஓம் அக்கா."

"அவருக்குத் தெரியுமோ?"

நான் கேத்தலை எடுத்துத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அதுவே பதிலாகிவிட்டது. கைப்பையிலிருந்து போனை எடுத்து அத்தானைப் பிடித்தது. எனக்கு விழவேண்டிய பேச்செல்லாம் அவருக்கு விழுந்தது. போனை வைத்ததும் எழும்பி, "விளக்கை நான் கொண்டு போறன்," என்றது. "புட்டைச் சாப்பிடு. ஆறப் போடாதை."

மூன்று கிழமை அக்காவோடு கதை பேச்சு இல்லை. அந்த நாட்களில் பாம்பு புது வீட்டில் முதல் தடவையாகச் சாப்பிட்டது. உறைநிலையில் வாங்கி இளக்கிய எலியை நீண்ட இடுக்கியில் பிடித்து நீட்டினேன். அது பாய்ந்த வேகத்தில் என் கை தானாகவே பின்னால் போய்விட்டது. பிறகு, தை மாதத்தில், தோலை முழுதாகக் கழற்றிப்போட்டது. கண் மூடிகள் உட்பட ஒரே துண்டு, உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டிய காலுறை மாதிரி. யாருக்காவது காட்டவேண்டும் போலிருந்தது. திங்கட்கிழமை வேலையிடத்துக்கு எடுத்துப் போனேன். பாம்பின் பழைய சொந்தக்காரர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து அதிக நேரம் பார்த்தார், பிறகு தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தேன்.

அக்காவே எனக்குப் போன் எடுத்தபோது முதலில் எங்கள் மச்சாள் ஒருவர் வீட்டில் வரப்போகிற கலியாணத்தைப் பற்றிக் கதைத்தது. பனியைப் பற்றிக் கதைத்தது. வைக்கப்போகிற நேரத்தில், "அது ஏதாவது தின்னுதோ?" என்றது. தின்னுது என்றேன். "எத்தனை நாளைக்கொருக்கால்?" மூன்று கிழமைக்கொருக்கால் என்றேன். "செலவில்லாத சீவன்," என்று சொல்லிவிட்டு வைத்தது.

அந்தக் கலியாணம் ஆகஸ்டில், டொரோண்டோவில். அக்காவும் அத்தானும் போகவில்லை. நான் ஐந்து நாள் போனேன். பாம்புக்குத் தண்ணீர் மட்டும் பார்க்க அத்தான் வருவதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் மண்டப வாசலில் நிற்கும்போது அக்காவின் போன்.

"அவருக்கு நாரி பிடிச்சிட்டுது, குனிய ஏலாது. நான்தான் வந்திருக்கிறன். அறை வாசல்ல நிக்கிறன். தண்ணி பாதி கிடக்கு. கதவைத் திறக்கவேணுமோ?"

"வேண்டாம் அக்கா. பாதி காணும், போதும். அந்த ரண்டு சூட்டு மீட்டரிலையும் என்ன காட்டுது எண்டு மட்டும் பாருங்கோ."

காலடிச் சத்தம் மெதுவாகக் கேட்டது. நின்றது. திரும்பவும் கேட்டது.

"முப்பத்தொண்டு. மற்றது இருவத்தஞ்சு."

"சரியாய் இருக்கு."

"இப்ப நாக்கை நீட்டுது."

"மணம் பிடிக்குது."

"என்ரை மணமோ?"

"ஓம்."

அக்கா சொன்னது: "நான் குளிச்சிட்டுத்தான் வந்தனான்."

உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. பூட்டிவிட்டுப் போங்கோ, மேளம் முடிய நான் பேந்து எடுக்கிறன் என்றேன். அக்கா சரி என்றது. ஆனால் போனை வைக்கவில்லை. நானும் உள்ளே போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.