மூவாயிரம் வருடத்துச் செத்தவீடு

அத்தானை ஆமி பிடித்துக்கொண்டு போய் எத்தனையோ வருடம். உடம்பைக் காணாமல் அந்தியேட்டிக் கிரியை செய்யமாட்டேன் என்று சொல்லி, அக்கா இங்கே டெனிஷ் நகரமான ஒடென்சேயிலும் நெற்றிப் பொட்டை அழிக்காமல் இருக்கிறாள். அன்று அவர் போட்டிருந்த சட்டைக்குப் பொத்தான் தைத்தது அவள்தான். வெள்ளை நூல் தீர்ந்துபோய், பச்சை நூலால் தைத்தாளாம். நூறு தரமாவது சொல்லியிருப்பாள்.

போன கோடையில் எங்கள் சொந்த ஊரில் ஒரு புதைகுழியைத் தோண்டினார்கள். அதில் கிடந்த உடுப்புகளின் படங்களை உறவுக்காரர் ஒருவர், அடையாளம் பார்க்கச் சொல்லி, அக்காவின் போனுக்கு அனுப்பினார். அவள் திறக்கவேயில்லை.

மனம் மாறட்டும் என்று அவளைக் கோபன்ஹேகனுக்கு ரயிலில் கூட்டிப்போனேன். மழைக்கு ஒதுங்கிய இடம் அருங்காட்சியகம். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். கண்ணாடிக்குள் ஒரு ஓக் மரப் பெட்டி இருந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு விவசாயி தன் காணியிலிருந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தும்போது அகப்பட்டதாம். மூவாயிரம் வருடங்களுக்கு முன் அதற்குள் ஒரு இளம்பெண்ணைக் கிடத்தியிருக்கிறார்கள். எலும்பும் கரைந்துபோய், தலைமயிரும் நகமும் கம்பளிச் சட்டையும்தான் மிச்சம். டெனிஷில் எழுதியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன்.

"உடம்பு இல்லையோ?"

"இல்லை அக்கா. உடுப்புத்தான் கிடக்கு."

"உடுப்பை வைச்சே ஆளைக் கண்டுபிடிச்சிட்டினமோ?"

"ஓம்."

அவள் அந்தச் சட்டையை விட்டு அசையவில்லை.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்கு வந்ததும் அக்கா நேரே குளியலறைக்குப் போனாள்.

"மூவாயிரம் வருசத்துச் செத்தவீட்டுக்கும் முழுக்கோ?" என்று பகிடி விட்டேன்.

"செத்தவீடு செத்தவீடுதான். பாவம், சின்னப் பெட்டை."

சிரித்தேனே தவிர, பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. கண்ணை மூடினால் ஆளில்லாத சட்டை ஒன்று கிடந்தது. சிலவேளை கம்பளி, சிலவேளை வெள்ளைப் பருத்தி. குளிர்காலம் முழுக்க எங்களோடு வேறு யாரோ வீட்டில் இருப்பதுபோல் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அக்கா யன்னலடியில் இருந்து போனைத் திறந்தாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவள், ஒன்றை மட்டும் இரண்டு விரலால் பெருப்பித்தாள்.

"என்ன அக்கா?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஈரத்தலையோடு வந்தவளின் நெற்றி வெறுமையாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு நானும் முழுகப் போனேன்.