எங்கள் வீட்டுத் தப்பு அண்ணன்

எங்கள் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மானையும் இல்லை, குரங்கையும் இல்லை. என் தம்பி மகனைத்தான். வாசலில் என் டிக்கெட் கவுண்ட்டருக்கு நேர் எதிரே ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் அவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏரிக்குள் சிப்ஸ் பாக்கெட்டை எறிகிறான், மானைப் பார்த்து விசில் அடிக்கிறான், குரங்கிடம் அறை வாங்குகிறான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற எனக்கு வேறு கதி இல்லை. சத்தத்தையாவது குறையுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஊரே அவனைத் தப்பு அண்ணன் என்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை அவன். சின்ன வயதில் மிட்டாய் தின்றால் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். குப்பைத் தொட்டி கண்ணில் படும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவன் சட்டம். தொட்டி கண்ணில் படும்போது மறந்துவிடுவான், அது வேறு விஷயம். துவைக்கிற நாளெல்லாம் வாஷிங் மெஷினுக்குள் கலர் கலராகத் தாள் மிதக்கும், அவன் அம்மா கத்துவாள். ஒருமுறை குடும்பத்தோடு ரயிலைப் பிடிக்கக் கிளம்பினோம். ஈ காக்கை இல்லாத ரோட்டில், நடக்கிறவர்களுக்கான சிக்னல் சிவப்பாக இருந்தது. பச்சை விழாமல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். அவனுக்காக நாங்களும் நின்றோம். அந்த சிக்னல் ரிப்பேர் என்பது ரயில் போன பிறகுதான் தெரிந்தது.

இப்படிப்பட்டவன் எப்படித் தப்பு அண்ணன் ஆனான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பூங்காவில் அரை வருஷத்துக்கு மூன்று பேரைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ‘இளைஞர் ஊடகப் பயிற்சி’ என்று அதற்குப் பெரிய பெயர். காட்டுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று வருகிறவர்களுக்குச் சொல்லும் குட்டிக் குட்டி வீடியோக்கள் எடுப்பதுதான் வேலை. பயிற்சி முடிந்ததும் ஒருவருக்கு மட்டும் நிரந்தரமாக வழிகாட்டி வேலை உண்டு. ஆட்களை ஏரிப் பாதையில் நடத்திக் கூட்டிப்போய் எல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு அந்த வேலைமேல் உயிர். நாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று சாப்பாட்டு மேஜை பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றே விளக்குகிறவனுக்கு வேறு என்ன வேலை பிடிக்கும்?

என் தம்பிக்கோ அது ஒரு வேலையாகவே படவில்லை. அவன் பஸ் டிரைவர். அவன் ஓட்டுகிற பஸ்ஸின் கடைசி நிறுத்தம் எங்கள் பூங்கா வாசல்தான்.

“அரை வருஷம் பார்ப்பேன். வேலை நிரந்தரம் ஆகலைன்னா உங்க மாமாவோட டயர் கடையில போய் உட்காரணும்” என்றான்.

“எனக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாதேப்பா.”

“டயருக்கும் உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சரியாப் போச்சு.”

பயிற்சிக்கு வந்த மற்ற இருவரில் ஒருத்தி கேமராக்காரி. எதற்கெடுத்தாலும் “இன்னொரு தடவை” என்பாள். இன்னொருவன் சினிமாவில் இருந்து இறங்கி வந்தவன்போல இருப்பான். சரியாக நடந்துகொள்கிறவனாக ஒருவன், தப்பாக நடந்துகொள்கிறவனாக ஒருவன் நடிக்க வேண்டும் என்று முடிவானது. “தப்பா நடிச்சா என் பேரு என்ன ஆகறது?” என்று அழகன் தலையைச் சிலுப்பிக்கொண்டான். எங்கள் பையனுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அவன் தப்பு அண்ணன் ஆனான், அழகன் சரி அண்ணன் ஆனான். தலையெழுத்து.

முதல் காட்சி, சிப்ஸ் பாக்கெட்டை ஏரியில் எறிவது. கையை ஓங்குவான், விரல் பிரியாது. கேமராக்காரி “இன்னொரு தடவை” என்பாள், மறுபடி ஓங்குவான், மறுபடி பிரியாது. வெயில் ஏறி எல்லோரும் வாடிப்போன பிறகு ஒருவழியாக எறிந்துவிட்டு, ஏரியைப் பார்த்து “மன்னிச்சிடு” என்றான். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. பிறகு பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, எறிந்ததை எடுத்துக்கொண்டு வந்தான். அதுவும் பதிவானது. கேமராக்காரி எதையும் வெட்டவில்லை.

குரங்குக் காட்சிதான் அவனுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது. குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்று சொல்லும் படத்துக்காகக் குரங்குக்குத் தீனி போட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் காலிப் பாக்கெட்டில் காய்ந்த இலையைத் திணித்து அவன் கையில் கொடுத்தார்கள். குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. பிரித்தது. இலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. நிதானமாக இறங்கி வந்து அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டது. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு “நியாயம்தான்” என்றான்.

அதைப் பார்க்காத ஆள் இல்லை, அது ஓடாத போன் இல்லை. டிவியில் அவன் தலைக்குமேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் சரி அண்ணன் தலைக்குமேல் பச்சை டிக். அந்த மகாராஜன் சூயிங்கத்தை மென்றுவிட்டு என் கவுண்ட்டருக்கு அடியில்தான் ஒட்டிவிட்டுப் போவான் என்பது எனக்கும் என் விரலுக்கும் மட்டுமே தெரியும். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதன்பிறகு எங்கள் பையனால் நடமாட முடியவில்லை. யாரோ போட்ட குப்பையை அவன் பொறுக்கிக்கொண்டிருப்பான், ஒரு அம்மாள் நின்று “இப்ப பொறுக்கறியே, அப்ப எங்க போச்சு புத்தி?” என்பார். கடையில் பிஸ்கட் வாங்கப் போனால் “குரங்குக்கா?” என்பார்கள். என் கவுண்ட்டரிலேயே ஒருவர், “அவனையெல்லாம் ஏங்க இன்னும் உள்ள விடறீங்க?” என்று கேட்டார். அவருக்கு மீதிச் சில்லறையைக் கொஞ்சம் வேகமாகத்தான் தள்ளினேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தம்பியின் பஸ்ஸில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பயணிகள் போனில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டே, “எந்த வீட்டுப் புள்ளையோ. பெத்தவங்க ஒழுங்கா வளர்த்திருந்தா இப்படிச் செய்வானா?” என்று அவன் முதுகுக்குப் பின்னாலேயே பேசினார்கள். முன் சீட்டில் நான் இருந்தேன். என் தம்பி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டான்.

“இனிமே என் பஸ்ஸுல ஏறாதே. அடுத்த பஸ்ஸுல வா.”

“டேய், அது நடிப்புடா” என்றேன்.

“எனக்குத் தெரியும்க்கா. பஸ்ஸுல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?”

எந்த விதியையும் மீறாத பிள்ளை இதையும் மீறவில்லை. தினமும் சாயங்காலம் நான் தம்பியின் பஸ்ஸில் ஏறுவேன், அவன் நிழற்குடைக்கு அடியில் நின்று எனக்குக் கை காட்டுவான். அவன் அப்பா கண்ணாடியில் பார்ப்பான், கியரைப் போடுவான், கிளம்புவான். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து முட்டவைக்கலாம்போல இருக்கும்.

பயிற்சி முடிகிற நாள் வந்தது. பூங்காவுக்குப் பொறுப்பான ரேஞ்சர் அம்மா வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்வதாகச் சொன்னார். கேமராக்காரிக்கு வழிகாட்டி வேலையில் ஆசை இல்லை. மிச்சம் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு கூட்டத்தை ஏரிப் பாதையில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும், ரேஞ்சர் அம்மா கடைசியில் நடந்து வந்து கவனிப்பார். நான் கவுண்ட்டரை வாட்ச்மேனிடம் தள்ளிவிட்டுப் பின்னாலேயே போனேன். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சரி அண்ணன். கூட்டம் அவனை மொய்த்தது. ஆளாளுக்கு செல்ஃபி எடுத்தார்கள், “சார், இங்க பாருங்க” என்று கத்தினார்கள். இருந்த மான் எல்லாம் அடுத்த மலைக்கே போயிருக்கும். ஒருவர் மரத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சரி அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “அது ஒரு பறவை” என்றான். ஆனாலும் கூட்டம் அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது.

அடுத்து எங்கள் பையன். அவனுக்கு வந்த கூட்டம், ஒரு டீச்சரும் ஒரு வகுப்புப் பிள்ளைகளும். சும்மாவே அடங்காதவை.

“எல்லாரும் சத்தம் போடாம வரணும்” என்று ஆரம்பித்தான்.

“விசில் அடிச்சது நீங்கதானே?” என்றான் முன்னால் நின்ற ஒரு குண்டுப் பையன்.

“எதையும் கீழ போடக் கூடாது.”

“ஏரிகிட்ட சாரி கேட்டீங்களே, ஏரி மன்னிச்சிடுச்சா?” என்றாள் இரட்டைச் சடைக்காரி. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவனுக்குக் காது சிவந்தது. நாரையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தான், வெறும் காற்றுதான் வந்தது. முடிந்தது, டயர் கடைதான் என்று நினைத்தேன். ஓடிப்போய் அந்தக் குண்டுப் பையன் காதைத் திருகலாமா என்றுகூடப் பார்த்தேன். எங்கள் பையன் வியர்வையைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினான். கூடவே பல நாளாகச் சேர்ந்திருந்த மிட்டாய்த் தாள்கள் எல்லாம் பொலபொலவென்று தரையில் கொட்டின.

பிள்ளைகளுக்கு வந்ததே கோபம்.

“தப்பு அண்ணா, எடுங்க” என்று இரட்டைச் சடைக்காரி விரலை நீட்டினாள்.

அவன் பதறிக் குனிந்து எடுத்தான். எடுத்தவன் தாளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஓடியது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “இங்க தொட்டி இல்லையே. எங்க போடறது?” என்றான்.

“பையில வெச்சுக்கணும்.”

“அப்ப ஏரியில போட்டா?”

“மீன் தின்னுடும். செத்துடும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?” என்றான் குண்டுப் பையன்.

“தெரியாது. நீங்க சொல்லிக்கொடுங்க” என்றான் அந்தத் திருடன்.

அவ்வளவுதான். அதன்பிறகு அவன் ஒரு விதியையும் வாயால் சொல்லவில்லை. பாதையை விட்டு ஒரு காலை வெளியே வைப்பான், சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். மானைப் பார்த்ததும் விசில் அடிக்க உதட்டைக் குவிப்பான், எட்டாத பிள்ளைகள்கூட எம்பிக் குதித்து அவன் வாயைப் பொத்துவார்கள். பூவைப் பறிக்கக் கை போகும், கையில் ஒரு அடி விழும். இவனைக் காவல் காக்கவே நேரம் சரியாக இருந்ததால் பிள்ளைகளுக்குத் தப்பு செய்ய நேரமே இல்லை. நடுநடுவே அவன் மெதுவான குரலில் நாரையைச் சொன்னான், நாணல் எதற்கு என்று சொன்னான். இவன் மறுபடி எதையாவது செய்துவிடப் போகிறானே என்ற பயத்தில் எல்லாம் கண் கொட்டாமல் கேட்டன.

குரங்கும் வந்தது, அதே குரங்கு. இவனைப் பார்த்ததும் நேரே வந்து எதிரில் உட்கார்ந்தது. இரட்டைச் சடைக்காரி காலிக் கையை விரித்துக் காட்டினாள், வீடியோவில் சரி அண்ணன் காட்டுவதுபோல. எல்லாப் பிள்ளைகளும் விரித்தன. டீச்சரும் விரித்தார். ரேஞ்சர் அம்மாவும் விரித்தார். நானும் விரித்தேன், எதற்கு வம்பு? குரங்கு எல்லாக் கையையும் பார்த்தது, பிறகு இவன் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கடைசியில் இவன் தலையில் இருந்த தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. “நியாயம்தான்” என்றான். பிள்ளைகள் ஒரு சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

அந்த அமைதியில்தான் நாணலுக்குள்ளிருந்து நீர்நாய்கள் வந்தன, குட்டிகளோடு. இத்தனை வருஷம் டிக்கெட் கிழித்த நான் அதுவரை அவற்றைப் போஸ்டரில்தான் பார்த்திருந்தேன்.

திரும்பி வந்ததும் ரேஞ்சர் அம்மா அவனை நிறுத்தினார்.

“நீ ஒரு விதிகூட சொல்லலையே.”

“ஆமாங்க மேடம்.”

“ஒருத்தர்கூட மீறலையே.”

“நான் மீறப் பார்த்தேன் மேடம். விடலை.”

ரேஞ்சர் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் சிரிக்கவில்லை. “நாளையிலேர்ந்து வழிகாட்டி வேலைக்கு வந்துடு. தொப்பி நீயே வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவுண்ட்டருக்கு ஓடினேன், வாட்ச்மேன் பாதி டிக்கெட்டைத் தலைகீழாகக் கிழித்து வைத்திருந்தார்.

சாயங்காலம் தம்பியின் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பிள்ளைகளும் டீச்சரும் அதே பஸ்ஸில்தான். குண்டுப் பையன் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டான்.

“டிரைவர் அங்கிள், தப்பு அண்ணாவைத் தெரியுமா? இனிமே அவர்தான் வழிகாட்டியாம். ரேஞ்சரே சொன்னாங்க. நாங்கதான் அவரைத் திருத்தினோம்.”

என் தம்பி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். நிழற்குடைக்கு அடியில் எங்கள் பையன் தொப்பி இல்லாமல் நின்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிறான்.

என் தம்பி கியரில் கை வைத்தான், எடுத்துவிட்டான். கதவைத் திறந்தான்.

“ஏறுடா.”

“அடுத்த பஸ்ல வரேன்பா.”

“அடுத்த பஸ்ஸு என்னுதில்ல. இது என் பஸ்ஸு. ஏறு.”

அவன் ஏறினான். இரட்டைச் சடைக்காரி மெதுவாகக் கேட்டாள், “அங்கிள், தப்பு அண்ணா உங்க பையனா?”

“என் பையன்தான்” என்றான் என் தம்பி, கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

“அப்ப கீழ குப்பை போடக் கூடாதுன்னு நீங்க சொல்லியே தரலையா?” என்றான் குண்டுப் பையன்.

இரண்டு சிக்னல் தாண்டுகிற நேரத்துக்கு நான் சிரித்திருப்பேன். என் தம்பி சிரிப்பை அடக்கி, “சொல்லல. தப்புதான்” என்றான். போனால் போகட்டும் என்று குண்டுப் பையன் அவனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தான். அவன் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, தாளை எங்கே போடுவது என்று இங்குமங்கும் பார்த்தான். பின்னாலிருந்து மகன் கையை நீட்டினான். என் தம்பி தாளை அந்தக் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, பஸ்ஸைக் கிளப்பினான்.

மறுநாள் காலையில் அவன் அம்மா வாஷிங் மெஷினைத் திறந்து வழக்கம்போலக் கத்தினாள். “அதுல ஒண்ணு என்னுது” என்றான் என் தம்பி.