பிள்ளையார் சுழி போட்ட சன்னம்

பேய், செய்வினை என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து தேத்தண்ணி போடப் போகிற ஆள் நான். ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறேன், அளந்து பார்க்க முடியாத எதையும் நம்புகிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் 2006 செப்டெம்பரில் மலையில் நடந்ததை இன்றுவரை என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, உள்ளுக்குள் சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என்னை மான் வேட்டைக்கு இழுத்துவிட்டவன் ஓட்வார், என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரன். அந்த வசந்தத்தில் வேட்டைப் பரீட்சை எழுதித் துவக்கும் வாங்கினேன். அதற்கு முன் நான் துவக்கால் ஒரு வெடிகூட வைத்ததில்லை. நீளப் பெட்டியோடு மோர்டென்ஸ்ருட் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அன்று என் மனைவி மாலதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள். இப்ப நீங்களே கடையிலை போய் வாங்கிக்கொண்டு வாறியள், என்ன?"

பெட்டியைச் சரித்து அவளுக்குப் பக்கத்தால் உள்ளே கொண்டுபோனேன். உண்மையில் என்னைப் பிடித்து ஆட்டியது வேட்டை இல்லை, தோட்டா செய்வது. இங்கே பல வேட்டைக்காரர் தோட்டாவின் வெற்றுக் கோது, வெடிமருந்து, சன்னம் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே அடைப்பார்கள். சன்னம்தான் தோட்டாவின் நுனியிலிருந்து பறந்துபோய் மானில் படுகிற துண்டு. மலைவெளியில் ஒதுங்க ஒரு மரமும் கிடையாது, காட்டு ரெயின்டீர் மான்கள் கிட்ட நெருங்க விடாது, இருநூறு முந்நூறு மீற்றரிலிருந்துதான் சுட வேண்டும், அவ்வளவு தூரம் போய்க் களைத்த பிறகும் சன்னத்தின் நுனி விரிய வேண்டும், விரியாவிட்டால் மான் சாகாது, சின்னத் துளையோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து இழுக்கும். ஆகவே எந்தச் சன்னம் என்று இரண்டு மாதம் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஓட்வார் ஈயம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். நானோ அந்தக் கோடையில்தான் முதன்முதலாகச் செய்து விற்பனைக்கு விட்டிருந்த முழுச் செம்புச் சன்னத்தை எடுத்தேன், கடைக்காரர் என் கண் முன்னால்தான் பொதியைப் பிரித்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிலவறையில் உட்கார்ந்து இருபது தோட்டா அடைத்தேன். ஒவ்வொரு சன்னத்தையும் நிறுத்தேன், ஒவ்வொரு மருந்து அளவையும் இரண்டு தரம் நிறுத்தேன், நகைக்கடைக்காரன் தோற்றுப்போவான். என்னிடம் ஒரு பழக்கதோஷம் உண்டு, பிள்ளையார் சுழி போடாமல் எதையும் தொடங்க என் கை கேட்காது, பரீட்சைத் தாளோ வரிப் படிவமோ எதுவானாலும். அதனால் முதல் சன்னத்தின் தட்டையான அடியில் ஊசியால் ஒரு சின்னச் சுழி கீறினேன். ஊசி வழுக்கியதில் சுழியின் வால் ஓரம்வரை நீண்டுபோய்விட்டது. அந்த ஒன்றில் மட்டும்தான் கீறினேன். கோதுக்குள் அழுத்தியதும் அதுவும் மறைந்துவிட்டது.

எங்கள் குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவி இங்கெர், மிருக வைத்தியர். குழுவில் அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று, மானைக் காயப்படுத்திவிட்டுக் கைவிட்டவனுக்கு அடுத்த வருடம் அழைப்பு இல்லை. நான் அவர்களோடு போன முதல் தமிழன் வேறு. என்னால் எங்கள் ஆட்களுக்குப் பெயர் கெடக்கூடாது என்ற பயம் சுடப்போகிற மானை விடப் பெரிதாக இருந்தது.

முதல் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மந்தை வந்துவிட்டது, அறுபது எழுபது இருக்கும். இடது கொம்பின் நுனி உடைந்த ஒரு கிடாய் மானைக் குறிவைத்துச் சுழி போட்ட தோட்டாவால் சுட்டேன். மந்தை முழுவதும் பனிப்புகாருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. மூன்று பேருமாகப் பின்னேரம்வரை தவண்டு தேடினோம், ஒரு துளி இரத்தமில்லை, ஒரு மயிரில்லை.

"தவறிப்போச்சு, விடு" என்றாள் இங்கெர். ஆனால் அவள் முகத்தில் சந்தேகம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஓட்வார் ஒன்றை விழுத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தால் இடது கொம்பு நுனி உடைந்த அதே கிடாய். இங்கெர் தோலை விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள், ஓட்வாரின் துளையைத் தவிர வேறு துளை இல்லை. நான் தப்பிவிட்டேன், குதிக்கலாம் போலிருந்தது. தோலை உரிக்கும்போதுதான் அவளுடைய கத்தி தோளில் எதிலோ தட்டுப்பட்டது.

"பழைய காயம். சதை மூடி எலும்போடை வளர்ந்திருக்கு. ரெண்டு வருசமாவது இருக்கும்" என்றாள். அந்தக் கட்டியை அறுத்துத் துடைத்து உள்ளே இருந்ததை என் கையில் போட்டாள்.

செம்புச் சன்னம். நுனி விரியவே இல்லை. திருப்பினேன். அடியில் பிள்ளையார் சுழி, வால் வழுக்கி ஓரம்வரை நீண்டிருந்தது.

"இது என்ரை சன்னம்" என்றேன். என்ன நடந்தாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஓட்வார் விழுந்து விழுந்து சிரித்தான். "ரெண்டு வருசத்துக்கு முதல் உனக்குத் துவக்கைப் பிடிக்கவே தெரியாதே." பிறகு வாங்கிப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. அது எந்தச் சன்னம், எப்போது கடைக்கு வந்தது என்று என்னை விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இங்கெர் காயத்தை இரண்டாம் தரம் பார்த்தாள், மூன்றாம் தரம் பார்த்தாள், "பழசுதான்" என்று மட்டும் சொல்லிக் கையைக் கழுவினாள்.

வேறு யாராவது தமிழன் கீறியிருப்பானோ என்றும் கேட்பீர்கள். வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரம்வரை விசாரித்துவிட்டேன், மான் சுடுகிற தமிழன் ஒருவனும் அந்த வருடங்களில் இல்லை. இருந்தாலும் அந்தச் சன்னம் அப்போது இல்லையே. அடுத்த வருடமும் இங்கெர் என்னை அழைத்தாள், போனேன், இன்னும் போகிறேன். அன்று நடந்ததைப் பற்றி மூன்று பேரும் கதைப்பதில்லை.

ஆனால் ஒன்றை நான் அவர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு மான் நிற்க, முதல் நாள் நான் ஏன் அந்தக் கிடாயைத் தெரிந்தெடுத்தேன்? துவக்கின் தொலைநோக்கிக்குள்ளால் பார்த்தபோது அது முன்னங்காலை நொண்டிக்கொண்டு நின்றது. எவனோ ஒரு இரக்கமில்லாதவன் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தேடாமல் போயிருக்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் விசையை இழுத்தேன்.