கடைசித் தாள்

2009 ஜூனில் பள்ளி திறக்கும் சமயம், பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசையை உண்டாக்குவது எப்படி என்று எழுதித் தரும்படி சிதம்பரத்தில் ஒரு பள்ளியின் மலருக்காகக் கேட்டார்கள். இரண்டு பட்டம் வாங்கியவன் என்பதால் கேட்டிருப்பார்கள். அதைச் சொல்ல நான் தகுந்தவனல்ல. அந்த ஆசை இருந்த ஒருத்தியைச் சின்ன வயதில் நான் என்ன பாடு படுத்தினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது கடலூர் முதுநகரில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அதே பள்ளியில் ஏழாவது போகவேண்டிய அக்கா, கோடை விடுமுறையில் பெரியவளாகிவிட்டாள். அந்தக் கால வழக்கப்படி அப்பா அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்.

பள்ளி திறந்ததும் எங்கள் வாத்தியார் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒன்று. திங்கட்கிழமை எழுந்து நின்று கதையைச் சொல்ல வேண்டும். நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அக்கா படித்து எனக்குச் சொல்வாள், நான் வகுப்பில் சொல்வேன். மூன்றே வாரத்தில் பெரிய படிப்பாளி என்று பெயர் வாங்கிவிட்டேன்.

அதற்கு நான் காட்டிய நன்றி இது. புத்தகத்தின் கடைசித் தாளை மெல்லக் கழற்றி ஒளித்துவிடுவேன். என் கணக்கு முழுவதையும் போட்டுக் கொடுத்தால்தான் அவளுக்குத் தாள். பிறகு சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடுவேன். "குடுத்துட்றா, என் கண்ணுல்ல" என்று பின்னாலேயே வருவாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்த வயதில் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான்காவது வாரம், ராஜாவின் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு கழுதையின் கதை. கடைசித் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விளையாடப் போனவன், அப்படியே உப்பனாற்றில் குதித்துவிட்டேன். தாள் கூழாகிவிட்டது. சொன்னதும் அக்கா அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போவுது வுடு. நானே முடிக்கிறேன்" என்றாள்.

திங்கட்கிழமை அவள் முடித்தபடியே சொன்னேன். கிரீடம் வைத்த கழுதை அரண்மனைக்குள் நுழைகிறது. எல்லோரும் எழுந்து கும்பிடுகிறார்கள். வெறுந்தலையோடு பின்னால் ஓடிவந்த ராஜாவைக் காவல்காரன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "பொஸ்தகத்துல ராஜா கழுதையப் புடிச்சிக் கட்டிப்போட்டுடுவாருடா. இத யாரு சொன்னது?"

"நான்தான் சார்."

"சரி, அப்பறம் ராஜா என்னா ஆனாரு?"

"அக்காவக் கேட்டுத்தான் சார் சொல்லணும்."

அன்று சாயங்காலமே வாத்தியார் வீட்டுக்கு வந்து, அக்காவைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். "வயசுக்கு வந்த பொண்ணு, எப்படி சார் அனுப்பறது? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?" என்றார் அப்பா. வாத்தியார் வாதாடவில்லை. அப்பாவிடம் கழுதைக் கதையைச் சொன்னார். பிறகு கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்து, "ராஜா என்னாம்மா ஆனாரு?" என்றார்.

அவள் யோசிக்கவேயில்லை. "நின்னு நின்னு பாத்தாரு சார். அப்பறம் கழுதகிட்டயே வேலைக்குச் சேந்துட்டாரு. அழுக்கு மூட்ட செமக்கற வேல."

அப்பா வெடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத வூட்ல வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? நாளைக்கே வரச் சொல்லுங்க சார்" என்றார்.

மறுநாள் காலை அக்கா பாவாடை தாவணியில், பழைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அவள் தலை குனியவில்லை. இனிமேல் கதையை நானே படித்துத் தொலைக்க வேண்டுமே என்ற துக்கத்தில், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

"மெதுவாப் போக்கா! பள்ளிக்கூடம் என்ன ஓடியா பூடும்?" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக ஒருத்தி ஏன் இப்படி ஓட வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.